இறங்கிய தோள் மறுபடி இறங்காமல் இருக்க: கபடி, கைப்பந்து ஆடும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு

கபடியில் ரெய்டு போனவன் நடுக்கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாய்கிறான். பின்னாலிருந்து ஒருவன் அந்தக் கையையே பிடித்து இழுக்கிறான். கைப்பந்தில் ஸ்மாஷுக்கு ஓங்கிய கை பிளாக்கில் மோதிப் பின்னால் போகிறது. இரண்டிலும் மேல்கை பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு எழும்பி, முன்கை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. தோள்மூட்டு முன்பக்கமாக நழுவ இதைவிட வசதியான நிலை வேறில்லை. இறங்கும் தோள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் முன்பக்கம் இறங்குபவைதான்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் பொங்கலுக்குக் கபடி, கோடையில் கைப்பந்து என்று ஆட்டம் ஓய்வதில்லை. கல்லூரி அணியில் ஆடுகிற பையன் ஊர் அணிக்கும் ஆடுவான். சனி ஞாயிறு அப்பாவோடு கடலுக்கும் போவான். ஒரு தோள், மூன்று வேலை. 16 முதல் 25 வயதுக்குள் ஒருமுறையாவது தோள் இறங்கியவர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கும் இது எழுதப்பட்டது. மூட்டு உள்ளே போய் வலி தணிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் இந்த வயதில் அதிகம் நடக்கும் தவறு. அடுத்த மூன்று மாதத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்தத் தோளின் பிற்காலம் இருக்கிறது.

உள்ளே கிழிவது எது

புஜ எலும்பின் தலை பெரிது, அது உட்காரும் குழி சின்னது. டீ சாசரின் மேல் வைத்த பனங்காய் மாதிரி. எந்த நேரத்திலும் தலையின் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்குதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியைச் சுற்றி லேப்ரம் என்ற நார் வரம்பு ஒன்று ஓடுகிறது. அது குழியை ஆழமாக்குகிறது, மூட்டின் ஜவ்வுகளும் அதில்தான் வந்து சேர்கின்றன. தலை முன்னால் பாயும்போது இந்த வரம்பு முன்பக்கக் கீழ்ப்பகுதியில் எலும்பைவிட்டுப் பிய்ந்துவிடும். 1923-ல் இதை விவரித்த ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயரால் பாங்கார்ட் கிழிசல் என்கிறார்கள். அதே நொடியில் தலையின் பின்பக்கம் குழியின் விளிம்பில் இடித்து ஒரு பள்ளம் விழும். அது ஹில்-சாக்ஸ் பள்ளம். உங்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கையில் இந்த இரண்டு பெயரும் வரும் என்பதால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பிய்ந்த வரம்பு பழைய இடத்திலேயே ஒட்டினால் நல்லது. பெரும்பாலும் அது சற்றுக் கீழே சரிந்து, தளர்ந்த ஜவ்வோடு சேர்ந்து ஆறிவிடுகிறது. முன்பக்கம் வாசல் திறந்தே இருக்கும். 20 வயதுக்குள் முதல்முறை தோள் இறங்கி, அதே ஆட்டத்துக்குத் திரும்பிய பையன்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மறுபடி இறங்குகிறது. ஆய்வுக்கு ஆய்வு அளவு மாறும். 40 வயதுக்காரருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு; அவர்களுக்குத் தசைநாண் கிழிவதுதான் பிரச்சினை. அதனால் "எங்க மாமாவுக்கும் இறங்குச்சு, ஒண்ணும் பண்ணல, நல்லாத்தான் இருக்காரு" என்ற உதாரணம் 19 வயதுப் பையனுக்கு உதவாது.

திடலில் முதல் பத்து நிமிடம்

அடிபட்டவர் மறு கையால் அடிபட்ட கையைத் தாங்கிப் பிடித்திருப்பார். தோளின் உருண்டை வடிவம் போய்ச் சதுரமாகத் தெரியும். தோள் நுனி எலும்புக்குக் கீழே விரல் வைத்தால் பள்ளம் தட்டுப்படும். அடிபட்ட கையால் எதிர்த் தோளைத் தொட முடியாது. இவ்வளவு போதும், மேலும் அசைத்துச் சோதிக்க வேண்டாம்.

இழுக்காதீர்கள். அக்குளில் காலை வைத்துக் கையை இழுப்பது ஹிப்போக்ரட்டீஸ் காலத்து முறை, திடலில் ஒருவர் எப்போதும் அதைத் தெரிந்தவராக இருப்பார். எலும்புக் கழுத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் அந்த இழுப்பில் அது முழு முறிவாகும். அக்குள் வழியாக ஓடும் நரம்பும் இரத்தக்குழாயும் நசுங்கும். வெளியிலிருந்து பார்த்து விரிசல் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

உட்கார வையுங்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில், விலாவுக்கும் கைக்கும் நடுவே மடித்த துண்டைச் செருகி, ஒரு கைலியை முக்கோணமாக மடித்துக் கழுத்தில் தூக்குக் கட்டாகப் போடுங்கள். உடம்போடு ஒட்டவைக்க வற்புறுத்த வேண்டாம். வராத கையை வரவழைத்தால்தான் வலி உயிர் போகும். மோதிரம், காப்பு, மணிக்கட்டுக் கயிறு எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். ஏலக்கூடத்திலோ மீன் பெட்டியிலோ ஐஸ் கிடைக்கும்; அதைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். தோலின் மேல் நேராக வைத்தால் புண்ணாகும். டீ, சோடா, பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் மயக்கம் தந்து மூட்டைத் திரும்பக் குழிக்குள் போட வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. கடைசியாக எப்போது சாப்பிட்டார், எத்தனை மணிக்கு அடிபட்டது என்று யாராவது ஒருவர் போனில் குறித்துக்கொள்ளட்டும்.

பிறகு மூன்று சோதனை. தோளின் வெளிப்பக்கம், சட்டைக் கை முடியும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டால் மறுபக்கம் மாதிரியே உணர்வு இருக்கிறதா? அங்கே மரத்திருந்தால் அக்குள் வழியாக ஓடும் ஆக்ஸிலரி நரம்பு அடிவாங்கியிருக்கிறது. மணிக்கட்டை மேலே தூக்க, விரல்களை விரிக்க முடிகிறதா? மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா, விரல்கள் சூடாக இருக்கின்றனவா? நாடி இல்லை, விரல் வெளுத்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் இது நிமிடக் கணக்கு. 108-ஐ அழைத்து அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நரம்பு, நாடி இரண்டும் நன்றாக இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். நேரம் போகப்போகத் தசை இறுகி, மூட்டைப் போடுவது கடினமாகும்.

பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கூட்டிப்போவது நம் ஊர்ப் பழக்கம். ஒவ்வொரு வேகத்தடையிலும் கை ஆடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஆட்டோ, கார், ஆம்புலன்ஸ் எதுவானாலும் முழங்கைக்கு அடியில் தலையணை இருக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள அரசு மருத்துவமனை எது பக்கமோ அங்கே முதலில் போங்கள்.

இறங்கிய தோள் தானாகவே உள்ளே போய்விட்டாலும் இதே வழிதான். "டக்குனு போயி டக்குனு வந்துருச்சு" என்பவர்களிலும் வரம்பு கிழிந்திருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

மருத்துவமனையில்

முதல்முறை என்றால் மூட்டைப் போடுவதற்கு முன் ஒரு எக்ஸ்ரே, போட்ட பின் ஒரு எக்ஸ்ரே. நேர்ப்படம் மட்டும் போதாது, பக்கவாட்டுப் படமும் வேண்டும். மூட்டு பின்பக்கமாக இறங்கியிருந்தால் நேர்ப்படத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். வலிப்பு வந்த பிறகோ கரண்ட் ஷாக் அடித்த பிறகோ தோள் வலித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாமல் போனால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பின்பக்க விலகல் தவறிப்போவது இங்கேதான்.

மருத்துவர்கள் இப்போது முரட்டுத்தனமாக இழுப்பதில்லை. வலிநிவாரணியோ லேசான மயக்கமோ கொடுத்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே போவார்கள். அல்லது குப்புறப் படுக்கவைத்துக் கட்டிலுக்கு வெளியே தொங்கும் கையில் சில கிலோ எடை கட்டித் தசை தளரக் காத்திருப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்காமல் மூச்சை மெதுவாக விடுவது. மூட்டு உள்ளே விழுந்ததும் நரம்பையும் நாடியையும் மறுபடி பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இறங்கிய நிலையில் எடுத்த எக்ஸ்ரேயைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எந்த மருத்துவரிடம் போனாலும், தோள் உண்மையிலேயே இறங்கியது, எந்தப் பக்கம் இறங்கியது என்பதற்கு அதுதான் சாட்சி. ஃபிலிமை வீட்டில் சுருட்டி வைத்தால் உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்டு பாழாகும்.

நாட்டுக் கட்டுக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மட்டை வைத்து மாதக்கணக்கில் இறுக்கிக் கட்டினால் மூட்டு விறைக்கும். பிய்ந்த வரம்பு அதனால் எலும்பில் போய் ஒட்டாது. விறைப்பு விலகியதும் பழைய தளர்ச்சி அப்படியே வெளியே வரும்.

ஸ்லிங் போட்ட நாட்கள்

ஸ்லிங் என்பது கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பை. மருந்துக்கடையில் ஆர்ம் பவுச் என்று கேட்டால் கிடைக்கும். இளைஞர்களுக்கு 1 முதல் 3 வாரம் போதும். அதற்கு மேல் கட்டிவைத்தால் மறுபடி இறங்கும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை, விறைப்புதான் கூடுகிறது. முழங்கை பையின் மூலைவரை உட்கார வேண்டும். கை மணிக்கட்டில் தொங்கினால் வார் நீளம் தவறு.

நம் கடற்கரை வெக்கையில் அக்குள் இரண்டே நாளில் வெந்துவிடும். குளிக்கும்போது ஸ்லிங்கைக் கழற்றி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டால் அக்குள் தானாகத் திறக்கும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு பருத்தித் துணியை மடித்து வையுங்கள். கையைப் பக்கவாட்டில் தூக்கிக் கழுவாதீர்கள். பட்டன் சட்டைதான் போட வேண்டும்: போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். தூங்கும்போது முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து படுத்து, முழங்கைக்கு அடியிலும் ஒன்று வையுங்கள். மல்லாந்து தட்டையாகப் படுத்தால் முழங்கை பின்னால் சரிந்து புஜ எலும்பின் தலையை முன்னுக்குத் தள்ளும். தலைக்கு அடியில் கையை மடித்துப் படுப்பது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது இரண்டும் ஆறு வாரத்துக்கு இல்லை.

பயிற்சி: அவசரப்பட்டால் எங்கே கெடும்

ஸ்லிங்கில் இருக்கும்போதே விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் 10 தடவை மடக்கி நீட்டுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னுக்கு இழுத்து 5 வினாடி பிடித்து விடுங்கள், 10 தடவை. வலி தணிந்ததும் முன்னால் குனிந்து, தொங்கும் கையைச் சின்ன வட்டமாக ஆட்டுங்கள்; கை தன் எடையில் ஆட வேண்டும், தசையால் சுழற்றக் கூடாது. முதல் வாரக் கடைசியில், முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கிச் சுவரின் மேல் வெளிப்பக்கம், உள்பக்கம், பின்பக்கம் என்று அழுத்துங்கள்: 5 வினாடி, 10 தடவை, முழுப் பலத்தில் மூன்றிலொரு பங்குதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அசைவைத் திரும்பக் கொண்டுவரும் காலம். மல்லாந்து படுத்து இரு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையின் உதவியோடு தலைக்கு மேல் கொண்டுபோங்கள். முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க, 30 முதல் 45 பாகைக்குள் நிற்கட்டும். கையைத் தூக்கிப் பின்னால் சாய்க்கும் அந்த ஆபத்தான நிலைக்கு இப்போது போகவே கூடாது. பிய்ந்த இடம் இளசாக இருக்கிறது, அதை யாரும் "ஸ்ட்ரெச்" செய்துவிட வேண்டாம்.

இதே காலத்தில் ரப்பர் பட்டைப் பயிற்சி தொடங்கும். இதுதான் மொத்தத்தின் முதுகெலும்பு, ஆகவே சரியாகச் செய்ய வேண்டும். தெராபேண்ட் என்று விற்கும் பயிற்சிப் பட்டையில், இளக்கமான மஞ்சள் அல்லது சிவப்பில் தொடங்குங்கள். சைக்கிள் டியூபைக் கீறிப் பட்டையாக்கியும் செய்யலாம். ஆனால் அது முரடு, வெயிலிலும் உப்பிலும் வெடிக்கும், தினமும் இழுத்துப் பார்த்து வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள், கண்ணில் அடிக்கும். பட்டையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டு. அது கீழே விழுந்தால் கை விலகிவிட்டது என்று அர்த்தம். முன்கையை வெளிப்பக்கமாக 2 வினாடியில் இழுத்து 3 வினாடியில் திரும்ப விடுங்கள். 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு திரும்பி நின்று உள்பக்கம் அதே கணக்கு. பிறகு இரு கையாலும் பின்னுக்கு இழுப்பது. முழங்கை முதுகைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. பலரும் கெடுத்துக்கொள்வது மூன்று இடத்தில்: இடுப்பைத் திருப்பிப் பட்டையை நீட்டுவது, மணிக்கட்டைப் பின்னால் ஒடிப்பது, தோளைக் காதுவரை தூக்குவது. கண்ணாடி முன் நின்றால் மூன்றும் தெரிந்துவிடும்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை பலம் சேர்ப்பது. கட்டில் ஓரத்தில் குப்புறப் படுத்து, தொங்கும் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு பக்கவாட்டிலும் சாய்வாக முன்பக்கமும் தூக்குங்கள். 10 தடவை, 3 சுற்று. உடம்பின் மட்டத்துக்கு மேல் போகாமல். தண்டால் சுவரில் தொடங்கி, மேசைக்கு, பிறகு தரைக்கு வரட்டும். மேலே வந்ததும் கூடுதலாக ஒரு தள்ளல் தள்ளித் தோள்பட்டை எலும்புகளை விரியுங்கள், அந்தக் கடைசித் தள்ளல்தான் இங்கே மருந்து. மல்லாந்து படுத்துக் கையைக் கூரையை நோக்கி நீட்டி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவர் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கட்டும், 20 வினாடி கை அசையாமல் நிற்க வேண்டும். கிழிந்த ஜவ்வு இழந்தது பிடிமானத்தை மட்டும் இல்லை, மூட்டு எங்கே இருக்கிறது என்ற உணர்வையும்தான். இந்தத் தட்டுப் பயிற்சி அதற்காக. வீட்டில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரலல் பாரில் டிப்ஸ், கழுத்துக்குப் பின்னால் இறக்கும் புல்டவுன், கழுத்துக்குப் பின்னாலிருந்து தூக்கும் பிரஸ், அகலப் பிடியில் நெஞ்சைத் தொடும் பெஞ்ச் பிரஸ்: இவை நான்கும் புஜ எலும்பின் தலையை முன்பக்கம் தள்ளுபவை. ஒருமுறை இறங்கிய தோளுக்கு முதல் மூன்றும் நிரந்தரமாக வேண்டாம். பெஞ்ச் வேண்டுமென்றால் குறுகிய பிடியில், நெஞ்சின் மேல் சுருட்டிய துண்டு வைத்து, கம்பி அதைத் தொட்டதும் மேலே. கால், இடுப்புப் பயிற்சியை மட்டும் முதல் வாரத்திலிருந்தே நிறுத்த வேண்டியதில்லை. ஸ்மாஷின் வேகம் காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. அவை சோம்பினால் தோள் அந்தக் கடனைக் கட்டும்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு வேகம். 2 கிலோ மெடிசின் பாலை இரு கையால் நெஞ்சிலிருந்து தள்ளுவது, பிறகு கைப்பந்தைத் தலைக்கு மேல் சுவரில் ஒரு கையால் தட்டிக்கொண்டே இருப்பது, பிறகு அரைப் பலத்தில் 20 முறை அடிப்பது. மறுநாள் காலை வலி இல்லை என்றால் அடுத்தமுறை 10 கூட்டுங்கள். வலித்தால் பழைய எண்ணிக்கைக்கே வாருங்கள். லிஃப்ட் தாமதமாகி, தலைக்குப் பின்னால் வரும் பந்தை அடிக்காமல் விடுங்கள். நின்று போடும் சர்வீஸ் முதலில், குதித்துப் போடுவது கடைசியில். கபடியில் ரெய்டு போகும்போது முழங்கையை முழுக்க நீட்டாமல், கை தோள் உயரத்துக்கு மேல் எழாமல் தொடப் பழகுங்கள். காலால் தொடும் வழியைக் கூட்டுங்கள். விழும்போது கையை ஊன்றாமல் மடக்கி உருளுவதை மெத்தை மணலில் நூறு முறை செய்து பாருங்கள். சங்கிலிப் பிடியில் விரல் பின்னிக் கோக்க வேண்டாம், சட்டென்று விடக்கூடிய பிடியாக இருக்கட்டும்.

இறங்காமலே ஆடுகிற தோள்

அடி எதுவும் படாமலே இரண்டு தோளும் தளர்ந்திருக்கும் பிள்ளைகள் உண்டு. கட்டைவிரலை முன்கையில் படுக்கவைப்பார்கள், முழங்கை பின்னால் வளையும். கையைக் கீழே இழுத்தால் தோள் நுனிக்கு அடியில் பள்ளம் விழும். இவர்களுக்கு முதல் சிகிச்சை கத்தி அல்ல. தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் பயிற்சி, ஆறு மாதம் விடாமல். நண்பர்களுக்கு வேடிக்கை காட்டத் தோளை வெளியே தள்ளி உள்ளே போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தள்ளலும் தளர்ச்சியைக் கூட்டும்.

அறுவை எப்போது

இரண்டாவது முறை இறங்கிவிட்டால் தயங்காமல் எம்ஆர்ஐ எடுத்து, தோள் அறுவை தெரிந்த எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் மதுரைக்குப் போக வேண்டியிருக்கும். எலும்பு தேய்ந்திருக்கிறதா என்று அளக்க முப்பரிமாண சிடி கேட்பார்கள். மோதி ஆடும் ஆட்டக்காரர் என்றால் முதல்முறைக்குப் பிறகே இந்தப் பேச்சை எடுப்பது நியாயமானதே.

முடிவெடுக்க ஒரு மதிப்பெண் முறை 2007-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் 2. போட்டி அளவில் ஆடுபவர் 2. மோதும் ஆட்டமோ தலைக்கு மேல் ஓங்கி அடிக்கும் ஆட்டமோ 1. தோள் இயல்பாகவே தளர்ச்சி 1. முன்கையை வெளிப்பக்கம் திருப்பி எடுத்த நேர்ப்படத்தில் ஹில்-சாக்ஸ் பள்ளம் தெரிந்தால் 2. குழியின் விளிம்பு தேய்ந்து தெரிந்தால் 2. மொத்தம் 10. இது 6-ஐத் தாண்டினால், துளை வழியாக வரம்பைத் தைக்கும் ஆர்த்ராஸ்கோப்பி மட்டும் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடி இறங்கியது. 19 வயதுக் கல்லூரிக் கபடி வீரருக்கு எக்ஸ்ரேயைப் பார்க்காமலே 5 வந்துவிடுகிறது. பள்ளம் ஒன்று தெரிந்தால் 7. அதனால்தான் மருத்துவர் சிலருக்குத் தையலும் சிலருக்கு லாதார்ஜே அறுவையும் சொல்கிறார். லாதார்ஜேயில் தோளின் முன்பக்கம் இருக்கும் கொரகாய்டு எலும்பு நுனியை அதில் ஒட்டிய தசைநாணோடு வெட்டியெடுத்துக் குழியின் முன்விளிம்பில் திருகாணியால் பொருத்துவார்கள். குழியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எலும்பு போயிருந்தால் இதுவே பொருத்தம். பீடி, சிகரெட் பழக்கம் எலும்பு கூடுவதைக் கெடுக்கும்.

அறுவைக்குப் பிறகு ஸ்லிங் 4 வாரம் வரை, மோதும் ஆட்டம் சுமார் 6 மாதம் கழித்து. மீன்பிடித் தடைக்காலத்தில் அறுவையை முடித்துக்கொள்ளலாம் என்று பலர் திட்டமிடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்; அந்தக் கணக்கில் ஸ்லிங்கும் அசைவும்தான் முடியும், வலை இழுக்கும் பலம் வராது. வீட்டில் இதை முன்பே பேசிவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப்போய், இந்த அறுவை எந்தத் தொகுப்பில் வருகிறது என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் தேதி வாங்குமுன் கேளுங்கள்.

களத்துக்குத் திரும்பும் முன்

பயிற்சியாளர் கேட்க வேண்டியது "வலிக்குதா?" என்பதை அல்ல. பிசியோதெரபிஸ்ட் உங்களைப் படுக்கவைத்துக் கையைத் தூக்கிப் பின்னால் சாய்க்கும்போது, இறங்கிவிடுமோ என்ற பயம் முகத்தில் தெரியக் கூடாது. வலி இல்லாமல் பயம் மட்டும் இருந்தாலும் தோல்விதான்.

பலத்தை அளக்கக் கருவி இல்லை என்று சொல்ல வேண்டாம். மீன் எடை போடும் டிஜிட்டல் தொங்கு தராசு போதும். அதன் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்தில் கட்டுங்கள், மறுமுனையில் ஒரு வார் போட்டு மணிக்கட்டில் மாட்டுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கையைத் துண்டோடு விலாவில் ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் 5 வினாடி இழுங்கள்; வெட்டி இழுக்காமல் மெல்லக் கூட்டி. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை, சராசரி எடுங்கள். மறு கைக்கும் அதே. அடிபட்ட கை மறுகையில் 90 விழுக்காடாவது காட்ட வேண்டும்; அடிபட்டது பழக்கக் கை என்றால் சமமாக இருக்க வேண்டும். உள்பக்க இழுப்பையும் அளந்து பாருங்கள். வெளிப்பக்கம் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைந்தால் பட்டைப் பயிற்சிக்குத் திரும்புங்கள். 12 வாரத்துக்கு முன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

அடுத்து, தரையில் 91 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. தண்டால் நிலையில் கோட்டுக்கொரு கை. ஒரு கையால் மறு கையைத் தாண்டி அந்தக் கோட்டைத் தொட்டு மீண்டு, மாற்றி மாற்றி 15 வினாடி. 21 தொடுதலுக்குக் குறைந்தால் இன்னும் தயாராகவில்லை. இடுப்பு ஆடினால் அந்தத் தொடுதலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்கள் முழங்காலூன்றிச் செய்யலாம். அதற்கு அளவு வேறு, பிசியோவிடம் கேளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு

வீச்சுவலை எறியும்போது கை போகும் பாதை ஸ்மாஷ் அடிப்பதன் பாதையேதான். ஈர வலையின் எடை கூடுதல். மேலே சொன்ன சோதனைகளில் தேறும்வரை வேண்டாம். எஞ்சின் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி இழுப்பதும், பனை ஏறுவதும் அப்படியே. கரைவலைக் கயிற்றை, முழங்கை விலாவை விட்டு விலகாமல் உடம்பின் எடையைப் பின்னுக்குச் சாய்த்து இழுப்பது இவற்றைவிடப் பாதுகாப்பு. பத்து வாரத்துக்குப் பிறகு தொடங்கலாம்.

நீச்சலில் மல்லாந்து நீந்துவதும் கையை மாற்றி மாற்றி வீசுவதும் கடைசியில் வர வேண்டியவை. ஒருமுறைக்கு மேல் இறங்கிய தோளோடு தனியாக நீந்தவோ சங்கு குளிக்கவோ போகாதீர்கள். ஆழத்தில் தோள் இறங்கினால் வலியில் மூச்சு தடுமாறும், ஒரு கை செயல்படாது. அப்படி நேர்ந்தால் அடிபட்ட கையை மறுகையால் நெஞ்சோடு அணைத்து, மல்லாந்து மிதந்து, காலால் மட்டும் உதைத்துக்கொண்டு குரல் கொடுங்கள்; தண்ணீருக்குள் மூட்டைப் போட முயலாதீர்கள்.

எந்தத் தோள் என்று படகில் உடன் வருபவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரிலிருந்து ஆளை ஏற்றும்போது எல்லோரும் நீட்டிய கையைத்தான் பிடித்து இழுப்பார்கள், சரியான தோளையும் அது இறக்கும். இடுப்பைச் சுற்றிக் கயிறு போட்டு, நல்ல கைப் பக்கம் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றுங்கள்.